இரண்டு வரிக் கோப்பு

2000ஆம் ஆண்டு வாக்கில் சிதம்பரத்தில் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர்களுக்குச் சில எண்கள் மனப்பாடம். மோடம் டயல் செய்கிற எண் 172 என்று தொடங்கும். தொலைபேசி செத்துப்போனால் புகார் சொல்ல 198. மூன்றாவது எண்தான் விசித்திரமானது. நடுநடுவே புள்ளி வைத்து நாலு துண்டாக, 202.54 என்று தொடங்கும். அதைச் சார்ட் பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தவர்களும் உண்டு. கேட்டால் "டி.என்.எஸ். நம்பர்" என்பார்கள். அது என்ன வேலை செய்கிறது என்று விளக்கத் தெரியாதவர்களுக்கும், அது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும். யாஹூ வராது.

அண்ணாமலை நகர்ப் பக்கத்துச் சென்டர்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. பிளைவுட் தடுப்புகளுக்குள் விண்டோஸ் 98 ஓடும் ஐந்தாறு கணினிகள். மூலையில் மானிட்டரை அணைத்து வைத்த இன்னொரு பெட்டி. அதில்தான் லினக்ஸ். ஒற்றைத் தொலைபேசி இணைப்பை அத்தனை பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. பி.சி. குவெஸ்ட் இதழோடு வந்த சி.டி.யிலிருந்து அதைப் பதிந்து கொடுத்தவர் பெரும்பாலும் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மாணவராக இருப்பார். காசு கொடுக்காமல் உட்கார்ந்து பிரௌஸ் செய்துகொள்ளலாம் என்பதே அவருக்குக் கூலி.

"அண்ணே, நெட்டு வரல."

"நெட்டு வருதுப்பா, மோடம் லைட்டு எரியுது பாரு. பேருதான் கெடைக்கல. இரு, டி.என்.எஸ். மாத்திப் பாக்குறேன்."

மாற்றுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. மூலைப் பெட்டியில் ரூட்டாக நுழைந்து, இடிசி டைரக்டரியில் உள்ள ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பை வி.ஐ. எடிட்டரில் திறக்க வேண்டும். உள்ளே இரண்டே வரி. ஒவ்வொரு வரியிலும் 'நேம்சர்வர்' என்ற சொல், ஓர் இடைவெளி, ஓர் எண். எண்ணை மாற்றிச் சேமித்து வெளியே வந்தால் ஆயிற்று. அடுத்த கட்டளை புதிய இடத்தில் போய்க் கேட்கும். ஒரு ஊரின் ஒரு தெருவுக்கு இணையத்தில் பேர் சொல்லிக் கொடுப்பவர் யார் என்பதை, அந்தத் தெருவிலேயே உட்கார்ந்து ஒருவர் எழுதிய காலம் அது.

அந்த எண்ணுக்குப் பின்னால் நடப்பதைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சிதம்பரம் ரயிலடியில் இறங்கும் வெளியூர்க்காரர் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவரிடம் விலாசம் கேட்கிறார். அவருக்குத் தெரியாது. ஆனால் 'தெரியாது' என்று கையை விரிக்காமல், தெற்கு வீதிக்காரரைக் கேட்டு, அவர் கைகாட்டிய கடையில் கேட்டு, கடைசியில் வீட்டையே கண்டுபிடித்து வந்து சொல்கிறார். ரிசால்வ்.கான்ஃபில் எழுதுவது அந்த ஆட்டோக்காரரின் எண். பல்கலைக்கழகத்தின் இணைய முகவரி ஏசி.இன் என்று முடிவதால், அவர் முதலில் ரூட் சர்வர் ஒன்றிடம் போவார். அது டாட் இன்னைப் பார்த்துக்கொள்பவரைக் காட்டும். அங்கிருந்து ஏசி.இன், அங்கிருந்து பல்கலைக்கழகத்தின் சொந்த நேம்சர்வர். கிடைத்த எண்ணைக் கேட்டவருக்குச் சொல்லிவிட்டுத் தானும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்வார். இந்த நினைவுதான் முக்கியம். அடுத்தவர் கேட்டால் உடனே பதில். 1979இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வியின் தேர்வு முடிவு வருகிற நாளில், ஊர் ஊராக எத்தனை ஆயிரம் பேர் அதே பெயரைக் கேட்டிருப்பார்கள்? ஒவ்வொரு கேள்வியும் ரூட் வரை போயிருந்தால் தாங்குமா?

இந்த ஏற்பாட்டுக்கு முன்னால் ஏற்பாடு என்று சொல்லும்படி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஆர்ப்பாநெட்டில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஹோஸ்ட்ஸ்.டி.எக்ஸ்.டி. என்ற ஒரே பட்டியலில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் புதுப் பட்டியலை இறக்கிக்கொள்ள வேண்டும். வலை பெருத்தபோது பட்டியல் திணறியது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ். முறையை வகுத்தார். அடுத்த ஆண்டே பெர்க்லியில் நாலு மாணவர்கள் அதை யூனிக்ஸுக்காக எழுதினார்கள். அதுதான் பைண்ட். ரிசால்வ்.கான்ஃபும் அந்த பெர்க்லி யூனிக்ஸ் வழியில் வந்த சொத்து. பழைய பட்டியலும் சாகவில்லை. இடிசி டைரக்டரியில் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் இன்றைக்கும் ஒவ்வொரு லினக்ஸிலும் உட்கார்ந்திருக்கிறது, பெரும்பாலும் டி.என்.எஸ்.சுக்கு முன்னால் கேட்கப்படும் மரியாதையோடு.

நம் பக்கம் இது வந்த வழி வேறு. 1986இல் எர்நெட் தொடங்கியபோது அதில் ஐ.ஐ.டி.களும் பெங்களூர் அறிவியல் கழகமும் பம்பாயின் என்.சி.எஸ்.டி.யும் இருந்தன. தமிழ்நாட்டுக்குச் சென்னை ஐ.ஐ.டி. ஒன்றுதான். டாட் இன் 1989இல் பதிவானது. கடலூருக்கு வந்த முதல் வலை இன்டர்நெட் அன்று, நிக்நெட். தேசியத் தகவலியல் மையம் (என்.ஐ.சி.) 1980களின் பின்பாதியில் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியாக இணைத்துக்கொண்டு வந்தபோது, தென்னார்க்காட்டின் தலைநகர் என்ற முறையில் கடலூரும் அந்த வரிசையில் சேர்ந்தது. பொதுமக்களுக்கான இணையத்தை வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது அது பெருநகரத்துச் சமாசாரம். கடலூரின் மஞ்சக்குப்பத்திலும் திருப்பாப்புலியூரிலும் 'இன்டர்நெட்' என்று பலகை தொங்குவதற்குள் மேலும் சில வருஷங்கள் ஓடிவிட்டன.

அன்றைய ரிசால்வ்.கான்ஃப் எளிமையானது, ஆனால் சாது அன்று. அதற்குச் சில பிடிவாதங்கள் உண்டு. நேம்சர்வர் வரி மூன்று வரைதான் செல்லும். நாலாவதாக ஒன்று எழுதினால் பிழை என்று சொல்லாது, கண்டுகொள்ளாது. முதல் சர்வரிடம் கேட்டு ஐந்து விநாடி காத்திருக்கும். பதில் இல்லையென்றால் இரண்டாவது. எல்லாம் ஊமையாக இருந்தால் இன்னொரு சுற்று. முதல் எண் செத்துப்போய் இரண்டாவது உயிரோடு இருந்தால் எல்லாமே வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஐந்து விநாடி தாமதத்தோடு. "நெட்டு ஸ்லோவா இருக்கு" என்று திட்டு வாங்கியவற்றில் எத்தனை உண்மையில் இந்த ஐந்து விநாடியோ.

மின்வெட்டு இதற்குத் துணை. கரண்ட் போய் வந்தால் மூலைப் பெட்டி முதலிலிருந்து எழும். பழைய ரெட்ஹேட் எழும்போது திரையில் ஒவ்வொரு சேவையாக ஓகே போட்டுக்கொண்டே வந்து, செண்ட்மெயில் என்ற இடத்தில் நின்றுவிடும். கணினி தொங்கிவிட்டது என்று நினைத்து மறுபடி ஸ்விட்சை அணைத்தவர்கள் அநேகம். நடந்தது வேறு. செண்ட்மெயில் தன் சொந்தப் பெயரை டி.என்.எஸ்.ஸில் கேட்கிறது. டயல் செய்தால்தான் டி.என்.எஸ்., எழுந்து முடித்தால்தான் டயல். காத்திருந்து காத்திருந்து அலுத்த பிறகுதான் அது நகரும். ஹோஸ்ட்ஸ் கோப்பில் கணினியின் பெயரை ஒரு வரி எழுதினால் தீரும் நோய். அந்த வைத்தியம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாமல் வாய் வழியாகவே பரவியது.

அப்போதைய சோதனை முறையும் அப்படித்தான். பெயரைச் சொல்லி பிங் செய்; வரவில்லையா, எண்ணைச் சொல்லி பிங் செய். எண் வந்து பெயர் வராவிட்டால் கோளாறு டி.என்.எஸ்.ஸில். இரண்டும் வராவிட்டால் லைனில். பிளஸ் டூ முடிவுகள் என்.ஐ.சி.யின் தளத்தில் வரும் நாளில் சென்டர் வாசலில் பெற்றோர் நின்றுகொண்டிருப்பார்கள். அன்று பெயரும் கிடைக்கும், எண்ணும் பதில் சொல்லும், பக்கம் மட்டும் வராது. அது சர்வரின் மூச்சுத் திணறல், ரிசால்வ்.கான்ஃபில் கைவைத்துப் பயனில்லை என்று சொல்லத் தெரிந்தவர்தான் அன்றைக்கு அந்தத் தெருவின் நிபுணர்.

அந்த நிபுணரின் கையிலிருந்து கோப்பு நழுவிய காலம் பிராட்பேண்டோடு தொடங்குகிறது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன்னை அறிமுகப்படுத்தியது. மெல்ல மாவட்டத் தலைநகரங்களுக்கும் தாலுகா ஊர்களுக்கும் வந்தது. மோடத்தின் கத்தல் நின்றது. ஒரு வெள்ளைப் பெட்டி வந்தது. கணினியைச் செருகினால் முகவரி, வழி, டி.என்.எஸ். எல்லாவற்றையும் அதுவே டி.எச்.சி.பி. முறையில் கொடுத்துவிடும். ரிசால்வ்.கான்ஃபைத் திறந்து பார்த்தால் 192.168.1.1 என்று அந்தப் பெட்டியின் எண்ணே இருக்கும். 218.248 என்று தொடங்கும் உண்மையான எண்கள் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. சுவரில் ஒட்டிய சார்ட் பேப்பருக்கு வேலை போனது. சென்னைக்கு எஃப் ரூட் சர்வரின் நகல் ஒன்று வந்ததும் 2005இல்தான். அது வந்தது கடலூரில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

அதன் பிறகு ரிசால்வ்.கான்ஃபைக் கையால் மாற்றியவர்களுக்கு ஒரு புதுச் சங்கடம். மாற்றினால் வேலை செய்யும். டி.எச்.சி.பி. குத்தகை புதுப்பிக்கும்போதோ மறுபடி கணினியை எழுப்பும்போதோ பழையபடி ஆகிவிடும். டெபியன் வழிக் கணினிகளில் கோப்பின் தலையிலேயே ஒரு எச்சரிக்கை ஏறிக்கொண்டது: கையால் திருத்தாதே, திருத்தினால் அழிந்துபோகும் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில். ஒரு கோப்பு தன்னைத் தொடாதே என்று தானே சொல்வது யூனிக்ஸ் குணத்துக்கு அந்நியம். எல்லா அமைப்பும் எளிய எழுத்துக் கோப்பாக, யாரும் படித்துத் திருத்தும்படி இருக்க வேண்டும் என்பதல்லவா அந்த வீட்டு வழக்கம்?

இதற்கு நேர்வழி இருந்தது. டி.எச்.சி.பி. கிளையண்டின் அமைப்பில் 'சூப்பர்சீட்' என்று ஒரு வரி எழுதினால், வருகிற எண்ணைத் தள்ளிவிட்டு நாம் சொன்னதை வைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் பெரும்பாலும் அந்த வழியில் போகவில்லை. சிஹெச்-ஆட்டர் கட்டளையால் கோப்புக்குப் பூட்டுப் போட்டார்கள். ப்ளஸ் ஐ போட்டால் ரூட்டே நினைத்தாலும் பூட்டை அவிழ்க்காமல் எழுத முடியாது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் கேட்கும். ஆறு மாதம் கழித்து ஏன் எதை மாற்றினாலும் மாறவில்லை என்று வேறொருவர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் வரை.

இந்த நடுக்காலத்தில்தான் எண்களுக்கு இன்னொரு வாழ்க்கை வந்தது. இணைப்புக் கொடுத்தவர் சொன்ன எண்ணைத்தான் எழுத வேண்டுமா? 2006இல் ஓப்பன் டி.என்.எஸ். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தன் சர்வர்களைத் திறந்துவிட்டது. 2009 டிசம்பரில் கூகுள் வந்தது: 8.8.8.8. வேகத்தைப் பற்றி அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். என் அபிப்பிராயத்தில் அது இத்தனை பரவியதற்குக் காரணம், ஒரு தடவை காதில் விழுந்தால் மறக்காது என்பதே. பழைய எண்களைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லலாம்.

மாணவர்களிடையே அதைப் பரப்பியதில் ஒரு தமிழ்ப் படத்துக்கும் பங்கு உண்டு. 2012இல் தனுஷ் நடித்த '3' படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில், பெயர் தெரியாத எதிரிகளுக்கு எதிராக ஆணை பெறப்பட்டது. இணைப்பு நிறுவனங்கள் அதை வைத்துக்கொண்டு விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடின. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தடை போடும் விதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சில இடங்களில், பெயர் கேட்கும்போதே பொய்ப் பதில் சொல்லித் திருப்பிவிடுவதுதான் தடை. அப்படிப்பட்ட தடை ரிசால்வ்.கான்ஃபில் எண்ணை மாற்றினால் உதிர்ந்துவிடும். விமியோவில் தன் குறும்படத்தைப் போட்டுவைத்திருந்தவனும் அதைச் செய்தான், படத்தைத் திருட்டுத்தனமாக இறக்க நினைத்தவனும் அதையேதான் செய்தான். கோப்புக்கு இருவரும் ஒன்று.

கேட்கிற இடம் பொய் சொல்லும் என்பது எல்லோருக்கும் உறைத்ததே அந்த வருஷங்களில்தான். 2008இல் டான் கமின்ஸ்கி வெளிப்படுத்திய ஓட்டை இன்னும் மோசம். டி.என்.எஸ். சர்வரின் நினைவிலேயே வெளியாள் ஒருவர் பொய் எண்ணைச் செருகிவிடலாம். வங்கியின் பெயரைக் கேட்டால் திருடனின் எண் வரும். உலகம் முழுக்க மென்பொருள் நிறுவனங்கள் ஒரே நாளில் ஒட்டுப்போட்டன. அன்றைய கேள்வியும் பதிலும் ஒளிவுமறைவில்லாத எழுத்தாக 53ஆம் போர்ட் வழியாக ஓடின. பிரௌசிங் சென்டரின் மூலைப் பெட்டியில் உட்கார்ந்தால், எந்தத் தடுப்புக்குள் இருப்பவர் எந்தத் தளத்தின் பெயரைக் கேட்கிறார் என்று வரிசையாகப் படிக்கலாம். படித்தவர்களும் இருந்திருப்பார்கள். பழைய காலத்தை நினைத்து உருகுபவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும்.

2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சென்னை சி-டாக்கில் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. கடலூர் மாவட்டத்தின் கிராமங்களுக்குள் ஒரே சமயத்தில் அத்தனை ரிசால்வ்.கான்ஃப்கள் போய்ச் சேர்ந்தது அதற்கு முன் நடந்ததில்லை. அவற்றில் எத்தனை திறந்து பார்க்கப்பட்டன என்று கேட்கக் கூடாது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, மின்கம்பங்களையும் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தது. கரண்ட் இல்லாத ஊரில் எந்த எண்ணை எழுதினால் என்ன.

டாட் இந்தியா என்று தமிழிலேயே எழுதும் முகவரிக்கும் 2011இல்தான் வழி திறந்தது. இலங்கை அதற்கு முந்தின ஆண்டே வாங்கிவிட்டது. ஆனால் தமிழில் அடித்தாலும் ரிசால்வர் பார்ப்பது தமிழை இல்லை. எக்ஸ்.என். என்று தொடங்கும், வாயில் நுழையாத ரோமன் எழுத்துக் கோவையாக அது முன்பே மாறிவிடும். கடலூர் லாரன்ஸ் ரோட்டுக் கடைப் பலகை எதிலும் அப்படியொரு முகவரியை நான் பார்த்ததில்லை.

இன்றைக்கு வருவோம். உபுண்டு ஓடும் ஒரு கணினியில் ரிசால்வ்.கான்ஃபைத் திறந்தால் நேம்சர்வர் 127.0.0.53 என்று இருக்கும். இந்த எண் வெளியே எங்கும் இல்லை. அந்தக் கணினிக்குள்ளேயே இருக்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற சேவையைச் சுட்டுகிறது. கோப்பே உண்மையான கோப்பு இல்லை, ரன் டைரக்டரியில் உள்ள ஒன்றுக்குப் போட்ட சுட்டி. உண்மையில் யாரிடம் கேட்கிறோம் என்று தெரிய ரிசால்வ்-சி.டி.எல். என்ற கட்டளையிடம் கேட்க வேண்டும். மாற்ற வேண்டுமானால் நெட்வொர்க் மேனேஜரில், சர்வராக இருந்தால் நெட்பிளானின் யாமல் கோப்பில். அங்கே இடைவெளி ஒன்று கூடினாலும் குறைந்தாலும் சண்டைக்கு வரும்.

இது லினக்ஸின் நோய் மட்டும் அன்று. மேக்கிலும் ரிசால்வ்.கான்ஃப் இருக்கிறது, பெரும்பாலான நிரல்கள் இதைப் பார்ப்பதே இல்லை என்ற குறிப்போடு. சோலாரிஸ் 11 அந்த அமைப்பை எஸ்.எம்.எஃப். என்ற தன் சேவைக் களஞ்சியத்துக்குள் கொண்டுபோய், கோப்பை அதிலிருந்து தானே எழுதிக்கொள்கிறது. ஆக, எங்கு பார்த்தாலும் கோப்பு இருக்கிறது. முடிவு வேறு இடத்தில் நடக்கிறது.  

இதில் நல்லதே இல்லை என்று சொன்னால் அநியாயம். பழைய முறையில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ரிசால்வ்.கான்ஃபை ஒரு தடவைதான் படிக்கும். எண்ணை மாற்றினாலும் அந்த நிரலை நிறுத்தித் தொடங்கினால்தான் உறைக்கும். 'மாத்திட்டேன், ஆனா மாறலியே' என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் அது. 2017இல் ஜி-லிப்சி 2.26 வந்த பிறகு, கோப்பு மாறினால் சி நூலகம் தானே கவனித்துப் படித்துக்கொள்கிறது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டு வைஃபை, கல்லூரி வைஃபை, போனின் ஹாட்ஸ்பாட் என்று ஒரே நாளில் மூன்று வலைகளுக்குள் புகுந்து வெளியேறும் ஒருவர், ஒவ்வொரு தடவையும் வி.ஐ.யைத் திறந்துகொண்டிருக்க முடியாது.

ஆனால் பழைய கோப்பு ஒரு கேள்விக்கு முகத்துக்கு நேரே பதில் சொன்னது: யாரிடம் கேட்கிறாய்? 127.0.0.53 அதற்குப் பதில் சொல்வதில்லை. உன்னிடம்தான் கேட்கிறாய் என்கிறது. இது மரியாதையான மழுப்பல். அதற்குப் பின்னால் வெள்ளைப் பெட்டி, அதற்குப் பின்னால் இணைப்பு நிறுவனம், சில வேளை அதற்கும் பின்னால் எங்கோ ஒரு பெரிய நிறுவனம். எங்கே அறுந்தது என்று தேடுகிறவர் ஒவ்வொரு கதவாகத் தட்ட வேண்டியிருக்கிறது.

பெரும்பாலோரிடம் தட்டுவதற்குக் கதவும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு கடலூர் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பவர், பிச்சாவரத்தில் படகுக்கு நிற்பவர், முதுநகர் மீன் ஏலத்தில் நிற்பவர் என்று எல்லோர் கையிலும் இணையம். பிரௌசிங் சென்டர்கள் ஜெராக்ஸ் கடைகளாகவும் ஆன்லைன் விண்ணப்பக் கடைகளாகவும் மாறின. ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ் கெர்னல்தான், ஆனால் திறந்து திருத்த ஒரு ரிசால்வ்.கான்ஃப் அங்கே வைக்கப்படவில்லை. 2018இல் ஆண்ட்ராய்டு 9 'பிரைவேட் டி.என்.எஸ்.' என்று ஒரு அமைப்பைக் கொண்டுவந்தது. கேள்வி பதில் இரண்டும் மறையாக்கத்தோடு போகும். அதில் வேடிக்கை, எண்ணை எழுத முடியாது, பெயரைத்தான் எழுத வேண்டும். பெயர் சொல்லிக் கொடுப்பவரின் பெயருக்கு எண் என்ன என்று யாரிடம் கேட்பது? அந்த ஒரு தடவைக்குப் பழைய ஆளிடமே போகிறது போன்.

பிரௌசர்களும் இதே வழியில் தனிக்குடித்தனம் போய்விட்டன. டி.என்.எஸ். கேள்வியை எச்.டி.டி.பி.எஸ். உறைக்குள் போட்டு அனுப்பும் முறைக்கு 2018இல் தரவரையறை வந்தது. அந்த அமைப்பைப் போட்டுவிட்டால் ஃபயர்ஃபாக்ஸ் இடிசி டைரக்டரிப் பக்கம் எட்டிப்பார்க்காமல் தனக்குப் பிடித்த இடத்தில் கேட்டுக்கொள்ளும். டெர்மினலில் டிக் என்ற கட்டளை ஒரு எண்ணைச் சொல்லும், பிரௌசர் வேறொரு எண்ணுக்குப் போயிருக்கும். ஒரே கணினி, இரண்டு பதில். மூலைப் பெட்டிக்காரர் இப்போது நம் கேள்விகளைப் படிக்க முடியாது என்பது லாபம்தான். ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த கேள்விகள் 8.8.8.8, 1.1.1.1 என்று இரண்டு மூன்று வாசல்களில் குவிவதை அதே கணக்கில் லாபம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

2020 ஊரடங்கு இந்தக் கதையில் எதிர்பாராத ஒரு திருப்பம். சென்னை ஓ.எம்.ஆரிலும் பெங்களூரிலும் வேலை பார்த்தவர்கள் மடிக்கணினியோடு சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். சிதம்பரம் தெற்கு வீதி மாடியறைகளிலும் கடலூர் புதுப்பாளையத்து வீடுகளிலும் கம்பெனி வி.பி.என். ஓடியது. வி.பி.என். போட்டவுடன் ஒரு சிக்கல் முளைக்கும். அலுவலக உள்வலையின் பெயர்கள் அலுவலக டி.என்.எஸ்.ஸுக்கு மட்டும்தான் தெரியும். வீட்டு டி.வி., பிரிண்டர் பெயர்கள் வீட்டுப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். பழைய ரிசால்வ்.கான்ஃபால் இதைச் சமாளிக்க முடியாது. அதற்கு முதல் எண், இரண்டாம் எண் என்ற வரிசைதான் தெரியும். 'இந்தப் பேரை இவரிடம் கேள், அந்தப் பேரை அவரிடம் கேள்' என்று சொல்லத் தெரியாது. முதல் சர்வர் 'அப்படி ஒரு பேர் இல்லை' என்று சொல்லிவிட்டால் அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளும், இரண்டாமவரைக் கேட்காது. நான் மேலே குறை சொன்ன அந்த 127.0.0.53 சேவை இதைச் செய்கிறது. எந்த முடிவெழுத்துள்ள பெயரை எந்த இணைப்பின் சர்வரிடம் கேட்பது என்று பிரித்து அனுப்பத் தெரிந்தது அது.

அதே காலத்தில் ரிசால்வ்.கான்ஃபைக் கையால் எழுதுவதும் எதிர்பாராத இடத்தில் உயிர்பெற்றது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.லில் அந்தக் கோப்பை விண்டோஸே எழுதிக் கொடுக்கும். வி.பி.என். போட்டதும் பல வேளைகளில் அந்த எண் ஊமையாகிவிடும். இன்றைய மாணவர்களில் பலர் ரிசால்வ்.கான்ஃப் என்ற பெயரையே முதலில் கேள்விப்படுவது அப்போதுதான். டாக்கர் கண்டெய்னருக்குள் பல வேளைகளில் அதே கோப்பு 127.0.0.11 என்று சொல்லும். குபர்நெட்டீஸில் 'ஆப்ஷன்ஸ் என்டாட்ஸ்:5' என்று ஒரு வரி கூடச் சேர்ந்து, சாதாரண வெளிப்பெயர் ஒன்றுக்கும் முதலில் உள்ளூர் முடிவெழுத்துகளை ஒட்டி ஒட்டிக் கேட்டு நேரத்தைத் தின்னும். 2012 முதல் கணியம் இணைய இதழ் லினக்ஸைத் தமிழிலேயே எழுதி வருகிறது. பக்கத்து விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யூ.ஜி. குழு கிராமப்புற மாணவர்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கிறது. படிக்க நினைப்பவருக்கு, பி.சி. குவெஸ்ட் சி.டி.க்காக மாதம் முழுக்கக் காத்திருந்தவரின் கஷ்டம் இல்லை.

வி.பி.என். போட்டதும் எண் ஊமையானால், டபிள்யூ.எஸ்.எல். வைத்திருப்பவர் செய்ய வேண்டியது இவ்வளவு. லினக்ஸுக்குள் இடிசி டைரக்டரியின் டபிள்யூ.எஸ்.எல்.கான்ஃப் கோப்பில், நெட்வொர்க் என்ற தலைப்பின் கீழ், ரிசால்வ்.கான்ஃபைத் தானாக உருவாக்கும் அமைப்புக்கு 'ஃபால்ஸ்' என்று எழுதுவது. விண்டோஸ் பக்கம் போய் டபிள்யூ.எஸ்.எல்.லை முழுதாக அணைத்து மறுபடி எழுப்புவது. பழைய சுட்டியை அழிப்பது. பிறகு வி.ஐ.யோ நானோவோ திறந்து, நேம்சர்வர் என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அலுவலகம் கொடுத்த எண்ணை எழுதுவது. வி.பி.என்.னைக் கழற்றியதும் அந்த எண் வேலை செய்யாது என்பதால் இரண்டாவது வரியில் வெளி எண் ஒன்றையும் போட்டுக்கொள்வார்கள். அப்போது முதல் எண்ணுக்கான ஐந்து விநாடி காத்திருப்பு ஒவ்வொரு பெயருக்கும் திரும்ப வந்துவிடும். 'ஆப்ஷன்ஸ் டைம்அவுட்:1' என்று மூன்றாவதாக ஒரு வரி எழுதினால் அது ஒரு விநாடியாகக் குறையும்.